நாலாய் மடித்த கயிறு

எங்கள் தீவில் சிப்பிகாட்டில் எண்ணி முடியாத வட்டத் தண்ணீர்த் தொட்டிகள், சௌல்தாரியில் மாட்டுக் கொட்டகைகள், மேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் சொந்த வீடு, எல்லாம் நான் கட்டியது. சிமெண்டுக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்து, பாதி வருஷம் மழையில் நனைந்து, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு கட்டினேன். டேங்கிவாலா, அதாவது தொட்டிக்காரன், என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஒரு டாக்டரையும் உருவாக்கினேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படி மண்டையில் ஏறுகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கிய என் மகள்.

பட்டம் வாங்கியும் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது என்னம்மா போஸ்ட்-டாக்?"

"பட்டம் முடிச்சவங்க ரெண்டு வருஷம் ஒரு பேராசிரியர்கிட்ட இருந்து ஆராய்ச்சி பழகறதுப்பா."

"டாக்டர் ஆகியும் ஹெல்பரா?"

"நீங்க நேரா மேஸ்திரியாவா பொறந்தீங்க?"

இரண்டு இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவளுக்கென்று சொந்தக் கேள்வி ஒன்றும் இல்லையாம். மூன்றாவது, மெயின்லேண்டில் ஒரு நிறுவனம். வீடியோவில் நேர்காணல். இதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு டியூஷன் எடுக்கப் போகிறேன் என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன்.

"ரெண்டு வருஷ வேலைய எட்டு மாசத்துல முடிச்சுத் தர்றேன்னு எழுதிக் குடு. வேற எவன் அப்படிச் சொல்வான்?"

"அப்பா, இது டெண்டர் இல்ல. அன்னைக்கு நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நிழல் நன்றாக இருந்ததால் அங்கே உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உள்ளே இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரு தொழிலில் கற்ற கணக்கை இன்னொரு தொழிலுக்குக் கொண்டுபோகும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. என் அப்பாவின் தொட்டிக் கணக்கு தப்பு. அங்கிருந்து தொடங்குகிறேன்."

தப்பா? லுங்கி பனியனோடு கேமரா முன்னால் போய் நின்றேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரையில் மூன்று பேர். "என் தொட்டி எதுவும் சொன்ன அளவுக்குக் குறைந்ததில்லை. ஆயிரம் லிட்டர் என்று நான் சொன்ன தொட்டியில், லாரிக்காரன் ஆயிரம் ஊற்றிய பிறகும் இடம் இருக்கும். கைராசி!" என்று என் இந்தியில் முழங்கினேன்.

நடுவில் இருந்த அம்மா, "எப்படி அளக்கிறீர்கள், ஐயா?" என்றார்.

கொடிக்கயிற்றை அவிழ்த்து, மூலையில் இருந்த டிரம்மைச் சுற்றினேன். சுற்றளவை நாலாய் மடித்தேன். அந்தக் கால் பங்கை அதாலேயே பெருக்கி, உயரத்தால் பெருக்க வேண்டும். சின்ன வயதில் பாராடாங் பக்கம் மரம் அளக்கிற இடத்தில் கற்றது.

"மரத்துக்கு ஏன் நாலாய் மடிக்கிறீர்கள்?"

"உருட்டுக் கட்டையைச் சதுரமாக அறுத்தால் ஓரம் வீணாகப் போகும். அதைக் கழிக்கிற கணக்கு அது."

"தொட்டியில் எதை அறுத்தீர்கள்?"

கையில் இருந்த கயிற்றைப் பார்த்தேன். தண்ணீருக்கு ஏது ஓரம்? இத்தனை வருஷமாக இல்லாத மரத்தூளைக் கழித்துவிட்டு, மிஞ்சிய இடத்துக்குக் கைராசி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அரே, நான் ஒரு கழுதை," என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் மகளைப் பார்த்து, "இதுதான் உங்கள் சொந்தக் கேள்வி," என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. போன மாதம் லீவில் வந்தவள் முதல் கட்டுரையைக் காட்டினாள். என்னைத் தேடினேன். "பங்கேற்பாளர் 1: ஆண், ஐந்தாம் வகுப்பு."

"பேர் எங்கே?"

"போடக்கூடாதுப்பா. ஆராய்ச்சி விதி. உங்க பாதுகாப்புக்குத்தான்."

பாதுகாப்பா! ஈர சிமெண்டில் விரலால் என் பெயரை எழுதாமல் ஒரு தொட்டியையும் நான் விட்டதில்லை. கழுதை என்று நானே ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரை ஏது, அந்த வேலைதான் ஏது? விதி பெரியது, சரி. ஒன்றாம் நம்பர் கொடுத்ததும் நியாயம்தான். ஆனால் அடுத்த கட்டுரையில் அந்த ஐந்தாம் வகுப்பை எடுத்துவிட்டு, "தொட்டி கட்டியவர், தவறு முழுவதும் அவருடையதே" என்று போட வேண்டும். அதை வேறு எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.