நூறு படி என்று சொன்ன கண்டக்டர்

முப்பத்தொரு வருடம் ஒரே தடத்தில் ஓடிய கண்டக்டர் அவர். கடைசி ஸ்டாப், கடலோரப் பாறையின் உச்சி. இறங்குகிறவர்கள், "கீழ கடற்கரைக்கு எத்தனை படிங்க?" என்று கேட்பார்கள்.

"நூறு இருக்கும். பேசிக்கிட்டே இறங்கிடலாம்" என்று டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் சொல்லிவிடுவார். ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. வண்டி திரும்ப ஆறு நிமிடம். டீ குடிக்கவே சரியாக இருக்கும்.

வீட்டுக்காரிக்கு அந்தக் கடலில் கால் நனைக்க ஆசை. கல்யாணமான புதிதில் கேட்டபோது மாமியார் படுக்கையில். பிறகு சின்ன நாத்தனாரின் பிரசவம், கொழுந்தனுக்குப் பெண் தேடியது, மூத்த மகளின் இரட்டைப் பிள்ளைகள். எல்லோரையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அப்புறம் கால் எப்படி இருக்குமோ. இந்தக் காலோடயே ஒருதரம் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போனார்கள். நூறு எண்ணி முடித்துக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கடல் ஆழக் கிணற்றுத் தண்ணீர் போலக் கீழே கிடந்தது.

"இதான் உங்க நூறா?"

"எவனோ டிரைவர் சொன்னான்..."

"ஊரையே நம்ப வச்சு இறக்கி விட்டிருக்கீங்க. எத்தனை பேரு திட்டிக்கிட்டே ஏறினாங்களோ."

"அதான் டீ குடிக்கும்போதெல்லாம் புரையேறுச்சு போல."

அவள் சிரித்தாள். ஆனால் கால் மடங்க மறுத்தது.

"திரும்பிடலாம்மா" என்றார்.

அவள் கடலையே பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நழுவினாள். சம்பந்தி வீட்டிலும் தலைகுனியாத மனுஷி. நாலு பேர் பார்த்தால் உயிரை விட்டிருப்பாள். நல்லவேளை, இருபுறமும் பாறை எழும்பி மறைத்தது. காக்கா குருவிகூட இல்லை.

"தவழ்ற வயசு வந்துடுச்சு எனக்கு" என்றாள்.

அவர் ஒரு படி கீழே, ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல் காலை அகட்டி, அவள் முகம் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினார். சாவிக்கொத்தில் பழைய விசில் தொங்கியது. அவளுக்கு மூச்சு வாங்கினால் ஒரு விசில், நிற்பாள். தெளிந்தால் இரண்டு, நழுவுவாள். இருநூற்றுப் பதினெட்டாம் படிக்குக் கீழே மணல்.

கையகலக் கரை. காற்று பாறைக்கு மேலேயே நின்றுவிட்டது. அலை பூனைபோல் வந்து போனது. அவர் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்து, அப்படியே உட்கார்ந்தாள். அலை முட்டியைத் தொட்டது.

"வெதுவெதுன்னு இருக்குங்க. ஒத்தடம் குடுத்த மாதிரி."

கால்சட்டை நனைய அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் போயிற்று.

"ஏறும்போது என்ன பண்றது?"

"உட்கார்ந்தே ஏறுவேன். நீங்க பின்னாலயே வாங்க. விசிலை மட்டும் என்கிட்ட குடுங்க."

கழற்றிக் கொடுத்துவிட்டு எழப்போனார். அவள் விசிலை வாயில் வைத்தாள். ஒன்றே ஒன்று ஊதினாள்.

அவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.