மீடியம் தோள் தூக்கிய கதை

சட்டைக் கடையில் "எம் சைஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள், அந்த எம் யார் என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? ஒரு ஊரைப் பொறுத்தவரை அது ஒரு ஆள். உயிரோடு, மனைவியோடு, ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்த ஆள்.

அங்கே இருந்த ரெடிமேட் கம்பெனியில் புதிதாக எந்தச் சட்டை தைத்தாலும் முதலில் அவர் மேல்தான் போட்டுப் பார்ப்பார்கள். அவருக்குப் பொருந்தினால் அது எம். அதைச் சுருக்கினால் எஸ், பெருக்கினால் எல். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. ஆனால் மீடியம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். பெண் கேட்டுப் போனபோது மாமனார், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார். "நிக்கிற வேலைங்க." "நின்னுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" "ஒண்ணும் பண்ணக் கூடாதுங்க. அசைஞ்சா குண்டூசி குத்திடும்." இந்தப் பதிலைக் கேட்ட பிறகும் பெண் கொடுத்தார்கள் என்றால் அவர்களுடைய பெரிய மனசை என்னவென்று சொல்வது!

திங்கட்கிழமை தோறும் கட்டிங் மாஸ்டர் டேப்பும் கையுமாக வந்து அவரை அளப்பார். மார்பு, இடுப்பு, கழுத்து. கொஞ்சம் கூடியிருந்தால் மாஸ்டர் முகம் கறுத்துவிடும். அதனால் மனைவி "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று நீட்டுவதும், அவர் தட்டைக் கையால் மறைப்பதுமாகவே அந்த இல்லறம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் வீட்டு விருந்தில் எல்லாரும் வெளுத்துக் கட்டும்போது இவர் மட்டும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மச்சானுக்கு அதில் பெரிய மனஸ்தாபம்.

இந்த மனுஷனைத்தான் கம்பெனி புது டிசைனருக்கு வழிகாட்டியாகப் போட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சட்டை வாங்குகிற பெரிய கடைகள் ஒரு நிபந்தனை விதித்துவிட்டன. படித்து முடித்து வருகிற டிசைனரைச் சேர்த்து ஒரு வருஷம் தொழில் பழக்க வேண்டும். டிசைன் பிரிவில் பல வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் கூடவே இருந்து வழிகாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. முதலாளியம்மா அந்தப் பிரிவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் வாய்க்குப் பயந்து டிசைனர்கள் எல்லாரும் வந்த வேகத்திலேயே ஓடியிருந்தார்கள். பல வருஷமாக அங்கேயே இருந்த ஒரே ஜீவன் அறை நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றது.

"மீடியம், நாளையிலேர்ந்து நீங்கதான் மென்டார்."

"அதுக்கு எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும் மேடம்?"

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். படிப்பில் சுட்டி, பேச்சில் மரியாதை, தலை நிறையக் கனவு. வருஷக் கடைசியில் அவள் தைத்த ஒரு சட்டையாவது முதலாளியம்மா முன்னால் தேற வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் சித்தப்பாவின் மாவு மில்லில் மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகக் காத்திருந்தது. "எனக்கு மாவு வாடையே ஆகாது சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மீடியத்தை அவள் பெரிய டிசைனர் என்றே நினைத்திருந்தாள். "நீங்க உடம்பாலேயே துணியைப் புரிஞ்சுக்கிறீங்க, இல்ல சார்?"

"ஆமாம்மா. அரிக்கும்போது நல்லாவே புரியும்."

அவள் சிரிக்கவில்லை. நேரே போய்த் துணியை மாற்றிவிட்டு வந்தாள். மீடியத்துக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயைத் திறந்து ஒரு துணி மாறியது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி மனைவியிடம் அதையே மூன்று தரம் சொன்னார்.

அதன் பிறகு அவருக்கு வழிகாட்டும் ஆசை வந்துவிட்டது. தையல் தெரியாது, வரையத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். "மேடம் திட்டினா பயப்படாத, இன்னும் நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். 'நல்ல முயற்சி'ன்னு சொன்னா மட்டும் உன் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு." "மாஸ்டர்கிட்ட எதையும் டீக்கு முன்னாடி கேட்காத." "மீட்டிங்ல கதவுப் பக்கம் உக்காராத, ஜன்னலைச் சாத்தச் சொல்லியே உன் காலத்தை முடிச்சிடுவாங்க." கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை என்று அவள் வியந்தாள். மெரூன் கலருக்கு மேடம் தலையசைக்க மாட்டார் என்றும் அடித்துச் சொன்னார். அது சுத்தப் பொய். மீடியத்துக்குத்தான் மெரூன் பிடிக்காது, அவ்வளவுதான்.

வினை, அவளுடைய தம்பியின் ரூபத்தில் வந்தது. தம்பிக்குக் கம்பெனிச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். போட்டுப் பார்த்தால் இடது பக்கம் கழுத்தோரம் சுருங்கித் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் இழுத்து விட்டான். மறுபடி தூக்கியது. மறுநாள் அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தாள். ஆபீசுக்குப் போகிற ஆண்கள் அத்தனை பேரும் பேச்சுக்கு நடுவே இடது தோளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். மீடியமும் அதைத் தினம் பார்த்தவர்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவள் விடவில்லை. கூச்சப்படாமல் டேப்பை நீட்டி, வந்தவர் போனவர் தோளையெல்லாம் அளந்தாள். அந்த அளவில் ஒரு சட்டை தைத்தாள். நல்ல சாம்பல் நிறச் சட்டை, காலர் கத்தி மாதிரி நின்றது. அதை மீடியத்துக்குப் போட்டதும் இடது பக்கம் தொளதொளவென்று தொங்கிவிட்டது. பின்னால் போய் நின்று பார்த்தாள், முன்னால் வந்து பார்த்தாள், கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க இடது தோள் இறங்கியிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமேன்னு நினைக்கிறேன் சார். நீங்க எம். அதனால ஊருக்கே இடது தோளை இறக்கி வெட்டிட்டாங்க. நேரான தோள்ல அது தூக்கிக்குது."

மீடியத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்கு என்று இந்த உலகத்தில் இருந்ததே அந்த உடம்பு ஒன்றுதான். சரியான உடம்பு என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட உடம்பு. சாப்பாட்டையும் தூக்கத்தையும் அளந்து அளந்து காப்பாற்றி வைத்ததில் நேற்று வந்த பெண் குறை சொல்கிறாள். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், கண்ணாடி முன்னால் வெற்றுடம்போடு நின்றார்.

"ஏன்டி, என் தோள் இறங்கியிருக்கா?"

"எனக்குக் கல்யாணத்தப்பவே தெரியுமே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண? கழட்டிட்டு வேற மாட்டவா?"

கம்பெனியில் விஷயம் கசிந்துவிட்டது. கட்டிங் மாஸ்டர் டீ கிளாசோடு வந்து காதில் போட்டார். "யோவ் மீடியம், யோசிச்சுக்க. அந்தப் பொண்ணு சட்டை உன் மேல தொங்கினா அவ வீட்டுக்குப் போவா. சட்டைதான் சரி, ஆளுதான் கோணல்னு மேடத்துக்குத் தெரிஞ்சுதுன்னா நீ வீட்டுக்குப் போவ. நடுவுல வழியே கிடையாது." மீடியம் அந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பார்? மற்றக் கம்பெனிகளுக்கெல்லாம் வேறு எம் இருக்கிறது.

பெண்ணும் அதை யோசித்திருந்தாள். முதலாளியம்மா பார்க்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கத்தரிக்கோலோடு வந்தாள். "உங்க அளவுக்கே இடது தோளை இறக்கிடறேன் சார். எனக்கும் வேலை, உங்களுக்கும் வேலை. ஊரு இழுத்து இழுத்து விட்டுக்கட்டும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் பஸ் ஸ்டாப்பில் நின்று அளந்து தைத்த சட்டை அது.

நியாயமாக மீடியம் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் எவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் மனுஷனை அவள் ஒரு வருஷமாக 'நீங்க சொல்லுங்க சார், நீங்க சொல்லுங்க சார்' என்று கேட்டுக் கேட்டுக் கெடுத்து வைத்திருந்தாள்.

"கத்தரியைக் கீழ வை. ஒரு தையலையும் தொடாத. போய்த் தூங்கு."

வீட்டுக்குப் போனவர் கண்ணாடி முன்னால் நின்று இடது தோளைத் தூக்கினார். மனைவி கட்டிலில் உட்கார்ந்தபடி மேஸ்திரி வேலை பார்த்தாள். "இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு வேண்டாம், யாருக்கோ பயந்த மாதிரி இருக்கு. ஆங், அப்படியே." அப்படியே நின்றார். நின்றபடியே சாப்பிட்டார்.

மறுநாள் முதலாளியம்மா வந்து அவரை மூன்று தடவை சுற்றினார். கையைத் தூக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். உட்காரச் சொன்னார். சாம்பல் நிறச் சட்டை ஒரு சுருக்கமில்லாமல் அப்படியே ஒட்டி நின்றது. மீடியத்தின் நெற்றியில் வியர்வை கோத்தது. தோள் மட்டும் இறங்கவில்லை. அந்தப் பெண் மூச்சு விட மறந்து சுவரோடு சுவராக நின்றாள். மீடியம் என்ன செய்கிறார் என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

"நம்ம பழைய சட்டை ஒண்ணை எடுத்துப் போடுங்க" என்றார் முதலாளியம்மா.

போட்டார்கள். தூக்கிய தோளில் பழைய சட்டை கழுத்தோரம் மேலே ஏறிச் சுருண்டு கோணிப்பை மாதிரி நின்றது. முதலாளியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இதையா வித்துக்கிட்டிருந்தோம்? மாஸ்டர்! இவர் தினமும் நேரா நின்னுக்கிட்டு இருக்காரு. நீங்க எதைப் பார்த்து வெட்டினீங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மீடியத்தைப் பார்த்தார். வருஷக்கணக்காகத் திங்கட்கிழமை தோறும் அளந்தவர் தோளை ஒரு தடவைகூட அளக்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே உத்தரவாகிவிட்டது. பெண்ணுக்கு வேலை நிரந்தரம், ஃபிட்டிங் பொறுப்பும் அவளுக்கே. துணியை வெட்ட மேலே வைத்து வரைகிற பழைய பேட்டர்ன் அட்டைகள் எல்லாம் குப்பைக்குப் போகும். மீடியத்தின் இந்த நேரான உடம்பை வைத்து, சட்டை முதல் கோட்டு வரைக்கும் எல்லாமே புதிதாக வெட்ட வேண்டும். "வேலை முடியறதுக்கு வருஷம் ஆகும்" என்று முதலாளியம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். "மீடியம், இப்ப நிக்கிற மாதிரியே தினமும் நிக்கணும்." ஒரு மணி நேரத்துக்கு என்று தூக்கிய தோள் அவருக்கு உத்தியோகமாகிவிட்டது.

முதல் நாள் காலையில் தாங்கிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் கழுத்து நரம்பு இழுத்தது. கண்ணை மூடினார், அவரை அறியாமல் தோள் சரிந்தது. எதிரே முதலாளியம்மா, பக்கத்தில் மாஸ்டர், பெரிய கடையிலிருந்து வந்த இரண்டு பேர்.

"சார், தோள்" என்றாள் அந்தப் பெண், வாயில் கடித்த குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து. அதட்டல் மாதிரிதான் இருந்தது.

மீடியம் திடுக்கிட்டுத் தூக்கினார். இவளுக்காகத்தானே தூக்கினேன், அதற்கு நாலு பேர் முன்னால் இப்படி ஒரு அதட்டலா என்று மனசு புண்பட்டுவிட்டது. தொழில் பழகிவிட்டாள், நன்றாகவே பழகிவிட்டாள் என்று கசப்போடு நினைத்துக்கொண்டார்.

அதற்குள் அவள் பக்கத்தில் வந்துவிட்டாள். ஸ்லீவைப் பார்க்கிறவள் மாதிரி குனிந்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் உள்ளங்கையை அவருடைய இடது முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். கொடுத்து மெல்ல மேலே தாங்கினாள். கையின் பாரம், தோளின் பாரம், எல்லாம் அவள் கைக்குப் போயிற்று. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை மீடியம் இப்போதுதான் விட்டார். அவர் பார்த்தார், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும், ஆனாலும் எடுக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, ஒரு கையைப் பாக்க இவ்வளவு நேரமா?" என்றார் முதலாளியம்மா.

"இன்னும் சரியா வரல மேடம்" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் ஆகும்."