மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு?

எங்கள் அண்ணியின் பியூட்டி பார்லரில் மூன்று நாற்காலிகள், ஒரு நீளக் கண்ணாடி, கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலச ஒரு தொட்டி. முடி கொட்டுகிறது என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அண்ணி சீப்பை எடுக்க மாட்டார். "மூணு மாசத்துக்கு முன்னால என்ன ஆச்சு?" என்று கேட்பார். வந்தவள் திருதிருவென்று முழிப்பாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும்: பிரசவம், ஆபரேஷன், ஒல்லியாகிறேன் பேர்வழி என்று கிடந்த பட்டினி. "முடிக்கு உடனே கோவம் வராதும்மா. உடம்பு பட்டதை மனசுலயே வெச்சிருந்து, மூணு மாசம் கழிச்சுத்தான் காட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் தலையைத் தொடுவார்.

ஊருக்கே இந்தப் பாடம் நடந்தது. அவருடைய சொந்த நாத்தனார், நான் மட்டும் காதில் வாங்கவில்லை. எனக்கு வாய்தான் நீளம்.

நான் ரெடிமேட் சட்டை கம்பெனியில் காலர் தைக்கிறேன். சட்டையில் எங்கே பிசகினாலும் மன்னிப்பார்கள், காலரில் பிசகினால் தொலைந்தோம். அதனால் காலர்காரி என்றால் அங்கே ஒரு கெத்து உண்டு. போன வருடம் கடுங்காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்தேன், எழுந்தேன், மறந்தும் போனேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலை, தலையணை முழுக்க முடி. அந்த வாரமே வெள்ளைச் சட்டைக் காலருக்குள் என் முடி மாட்டித் தையலோடு தையலாகப் போய், செக்கிங் மேஜையிலிருந்து மூன்று சட்டைகள் திரும்பி வந்தன.

"இன்னொரு சட்டை திரும்புச்சுன்னா நீ பேக்கிங் பக்கம் போயிடும்மா" என்றார் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டி மடிக்கவா பதினோரு வருடம் காலர் தைத்தேன்?

அப்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வாரினால்தானே விழுகிறது, அலசினால்தானே போகிறது? சீப்புக்கு லீவு விட்டேன். பத்து நாள் தலையில் சீப்பும் படவில்லை, தண்ணீரும் படவில்லை. இழுத்து இறுக்கிய கொண்டை, மேலே கம்பெனித் தொப்பி. பதினோராம் நாள் தலைக்குக் குளித்தேன். ஐயோ, குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையே அடைத்துக்கொண்டது! ஈரத்தலையோடு நேராக அண்ணி கடைக்குப் போனேன்.

"மெஷினை எடுங்க அண்ணி. மொட்டை அடிச்சு விடுங்க. முடி இருந்தாத்தானே காலர்ல விழும்?"

"மூணு மாசத்துக்கு முன்னால..."

"என்கிட்டயும் அதே பாட்டா? உங்க தலையே மைதானமாக் கிடக்கு, எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!"

அண்ணியின் வகிடு இரண்டு விரல் அகலம். எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் சொன்னதில்லை.

"மைதானம்தான்" என்றார் அண்ணி. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான், பரம்பரை. எட்டு வருஷம் எண்ணெய் மாத்தி எண்ணெய் தேய்ச்சுட்டு அப்புறம்தான் தோல் டாக்டர்கிட்டப் போனேன். மிச்சம் இருந்ததைத்தான் அவரால காப்பாத்த முடிஞ்சுது. அதனாலதான் வர்றவங்களையெல்லாம் நோண்டி நோண்டிக் கேக்குறேன். உன் கதை வேற. உக்காரு."

என் தோளில் கிடந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் துண்டின்மேல் வைத்தார். ஒரு முனையில் பொட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"ஐயோ, வேரோட போச்சே!"

"வேர் இல்லடி, முடியோட அடிமுனை. முளைக்கிற குழி உள்ளே பத்திரமா இருக்கு. காய்ச்சல்ல ஓஞ்சுபோன முடியெல்லாம் இப்ப மொத்தமா உதிருது. நல்ல தலைலயே நாளைக்கு நூறு வரைக்கும் விழும். பத்து நாள் முடியைச் சேத்து வெச்சு ஒரே நாள்ல பாத்தா பயம் வராம என்ன செய்யும்?"

மெஷினைத் தொடவே இல்லை. டாக்டரிடம் அவரே கூட்டிப்போனார். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அகலப்பல் சீப்பால் வாரி, விழுவதை வீட்டிலேயே விழவிட்டேன். இறுக்கமில்லாத பின்னல், தொப்பிக்குள் ஒரு பருத்தித் துணி. நாலாவது சட்டை திரும்பி வரவில்லை. ஆனால் முடி என்னவோ மேலும் இரண்டு மாதம் கொட்டியது. நானும் அண்ணியைத் திட்டிக்கொண்டே வாரினேன்.

மொட்டை கேட்ட நாளிலிருந்து ஐந்தாம் மாதம் மறுபடி போய் நின்றேன். "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க! முன்னாடி எல்லாம் உடைஞ்சு குச்சி குச்சியா நிக்குது, தொப்பிக்குள்ள அடங்க மாட்டேங்குது. இதையாவது வெட்டி விடுங்க."

கத்தரியோடு வந்த அண்ணி, என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"உடைஞ்ச முடின்னா நுனி மொட்டையா இருக்கும். இது எப்படிக் கூராப் போகுது பாரு. உடைஞ்சது இல்லடி, புதுசு! நெத்தி பூரா!"

கண்ணாடியில் பார்த்தேன். என் நெற்றிக்கு மேலே அந்தப் பிஞ்சு முடிகள். அதற்குப் பக்கத்திலேயே குனிந்திருந்த அண்ணியின் அகலமான வகிடு. அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பு.

"அண்ணி, அன்னிக்கு மைதானம்னு சொல்லிட்டேன்..."

"மைதானம்னா என்ன? பக்கத்துல புல்லு முளைச்சா சந்தோஷப்படக் கூடாதா?"

நான் அழுதுவிட்டேன். அண்ணிக்கோ கத்தரியை மேஜைக்குள் வைத்துப் பூட்டுவதில்தான் குறி.

"உன் அவசரத்துக்கு இது வெளிய இருந்தா ஆபத்து" என்றார்.