மூன்றாவது தாண்டல்

2004 கோடை. ஜெர்மனியில் ஹனோவருக்கு அருகே ஒரு சிறிய விளையாட்டரங்கம். நீளம் தாண்டும் மணற்குழிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ருமேனிய வீராங்கனையின் முதல் இரண்டு தாண்டல்களுக்கும் சிவப்புக் கொடி. இரண்டு முறையும் கால் பலகையைக் கடந்துவிட்டது. இதுவும் தவறினால் வெளியே. முதல் எட்டுப் பேருக்குத்தான் மேலும் மூன்று வாய்ப்பு.

பக்கத்தில் மதி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஹம் நகரில் பிறந்தவள். பள்ளி அணிக்காக நீளம் தாண்டியவள்.

"முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வாறா, அண்ணை. இண்டைக்கும் விட்டா வெளிநாட்டுப் போட்டிக்கு இனி ஆர் கூப்பிடுவினம்?"

ருமேனியக்காரி ஓடத் தயாராகிறாள். வழக்கம்போல் அரங்கமே தாளமாகக் கைதட்டுகிறது. நானும் தட்டுகிறேன்.

"தட்டாதேங்கோ அண்ணை! நீங்கள் எல்லாரும் வேகமாத் தட்டத்தானே அவவின்ரை கால் பிழைக்குது. உதவி செய்யிறம் எண்டு ஆளை வீட்டை அனுப்பப் போறியள்!"

கையை மடக்கிக்கொள்கிறேன். ருமேனியக்காரியும் உதட்டில் விரல் வைக்கிறாள். அரங்கம் அடங்குகிறது. ஓடும் காலடி மட்டும் கேட்கிறது. மணல் தெறிக்கிறது. பலகை விளிம்பின் களிமண்ணில் தடம் விழுந்திருக்கிறதா என்று நடுவர் குனிந்து பார்க்கிறார். வெள்ளைக் கொடி.

ஆனால் பலகைக்கு ஒரு சாண் முன்பே எழும்பிவிட்டாள்; தூரம் குறைவு. எட்டாம் இடம். இன்னும் ஒருத்தி தாண்ட வேண்டும். ருமேனியக்காரி பெஞ்சில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்க்கிறாள்.

கடைசிப் பெண் ஓடிவந்து வெகுதூரம் விழுகிறாள். மதி என் முழங்கையைப் பிடிக்கிறாள்.

சிவப்புக் கொடி.

ருமேனியக்காரி குனிந்து நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டுகிறாள்.