கரையில் நிற்காத தவளை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம். வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உறவினர்கள் காத்திருக்கும் கூடத்தில் நான் இருந்தேன். உள்ளே என் கணவர்.

எங்களுக்கு ஆம்பூர். அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். நான் அதே கம்பெனி ஸ்டோர்ஸில், வந்த தோல், போன தோல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். அந்த வாரம் பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மழையில் அவருடைய பைக் சறுக்கிவிட்டது. வெளியே பார்த்தால் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. ஆபரேஷன் செய்தால் நடப்பாரா என்று கேட்டேன். "செஞ்சு பார்த்தாத்தான்மா தெரியும்" என்றார் டாக்டர்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என் கையைப் பிடித்து, "கால்ல செருப்பு இருக்குதா பாரு" என்றார்.

"இல்லீங்க, அப்பவே கழட்டிட்டாங்க."

"அப்டியா" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அந்த 'அப்டியா'வுக்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. கொழுந்தனார், "அண்ணி, நான் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க இங்கியே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். தண்ணீர் பிடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினேன். மொபைலை எடுத்தேன், யாருக்குப் போன் பண்ண எடுத்தேன் என்று தெரியாமல் வைத்தேன். வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கே பொறுக்கவில்லை. "இன்னாம்மா, சும்மா நடந்துகினே இருக்க? தலை சுத்தும், உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. டொய்ங்... டொய்ங்... டொய்ங்... ரப்பர் பந்து துள்ளுகிற மாதிரி. கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் லேசில் நிற்காது. மூலையில் சால்வை போர்த்திய ஒருவர், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காலிங் பெல் அழுத்துகிற மாதிரி ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், பார்த்தால் வடக்கத்திக்காரர். எல்லோரும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

எனக்குள் இருந்ததெல்லாம் அவர் மேல் திரும்பியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் உருது பேசுகிறவர்கள். சண்டை போடுகிற அளவுக்கு எனக்கு இந்தி வரும். நேராகப் போய், "பாய், ஆவாஜ் கம் கரோ! சத்தத்தைக் குறைங்க! இது ஆஸ்பத்திரி, விளையாடற இடமில்ல" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் கத்திவிட்டேன்.

அவர் இரண்டு கையாலும் லேப்டாப்பை மூடினார். "மன்னிச்சிடுங்க பெஹன்" என்றார் இந்தியில், கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. "இது என் பையன் செஞ்ச கேம். அவன் உள்ளே இருக்கான்."

திரும்பிப் போகக் கால் வரவில்லை. அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பையனுக்கு என்ன?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

அசாமிலிருந்து வந்திருந்தார்கள். அவர் அங்கே ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மனைவி சின்னக் குழந்தையோடு ஊரில் இருக்கிறார். பையனுக்குப் பன்னிரண்டு வயது, இதயத்தில் ஓட்டை. வார்டில் படுத்திருந்த நாட்களில், பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை வைத்து அவனே ஒரு கேம் செய்ய ஆரம்பித்திருக்கிறான். ஒரு தவளை இலைக்கு இலை தாவிக் குளத்தைக் கடக்க வேண்டும். ஆனால் அக்கரைக்குப் போன பிறகும் தவளை நிற்காமல் தாவிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் அவன் சோர்ந்துபோய் லேப்டாப்பைத் தள்ளிவிட்டபோது இவர், "நீ வெளிய வர்றதுக்குள்ள நான் அதை நிக்க வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார்.

"அவன் சிரிச்சான் பெஹன். 'உங்களுக்கு போன்ல போட்டோ அனுப்பவே தெரியாதே பாபா'ன்னான். அவன் சிரிக்கணும்னுதான் நானும் சொன்னேன். இப்ப பயமா இருக்கு. சொன்னதைச் செய்யலன்னா ஏதாவது ஆயிடுமோன்னு."

அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. காலையிலிருந்து நானும் அப்படித்தான், இந்தத் தூணை ஐந்து தடவை தொட்டால் கதவு திறக்கும் என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"குடுங்க, பார்க்கிறேன்" என்றேன்.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள்தான். லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்பது வரை ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் மறந்து பல வருடம். நல்லவேளை, இது குழந்தைகளுக்கானது. வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும். ஒரு பெரிய ஆரஞ்சுக் கட்டம் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. அதுதான் லூப். அதன் வாய்க்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகச் செய்துவிட்டு, மறுபடி மேலே போய்த் தொடங்கும். உள்ளே பையன் இரண்டு வேலைகளை வைத்திருந்தான். முதலில் தாவு. பிறகு, தண்ணீரில் விழுந்தால் புறப்பட்ட கரைக்கே திரும்பிப் போ. 'கரையைத் தொட்டால் கைதட்டு, நில்' என்ற கட்டம் மட்டும் எதோடும் ஒட்டாமல் ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

"இதை உள்ள வைக்கணும், அவ்ளோதான்" என்று லூப்பின் உச்சியில் செருகி ஓடவிட்டேன். தவளை ஒரு தாவல்கூடத் தாவவில்லை. உடனே கைதட்டல் கேட்டது, கேம் முடிந்துவிட்டது.

"இப்படித்தான் அவனுக்கும் ஆச்சு. அதனாலதான் எடுத்து ஓரமா போட்டான்" என்றார் அவர்.

யோசித்தபோது புரிந்தது. தவளை புறப்படுவதும் ஒரு கரையிலிருந்துதானே. இரண்டு கரைக்கும் ஒரே மண் நிறம். நின்ற இடத்திலேயே ஜெயித்துவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. அக்கரைக்கு மட்டும் வேறு நிறம் அடித்துவிடலாம் என்றேன்.

அவர் சட்டென்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கலர் மாத்த வேணாம். அது எங்க ஊர் குளத்தங்கரை. அவன் வரைஞ்சது அப்படியே இருக்கணும்."

அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி யோசித்தேன். அந்தக் கட்டத்தை லூப்பின் அடியில் கடைசியாக வைத்தேன். இப்போது தவளை தாவியது. ஒரு இலை, இரண்டு இலை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது இலையைத் தவறவிட்டுத் தண்ணீரில் விழுந்தது. புறப்பட்ட கரைக்குத் திரும்பி வந்தது. உடனே பலமான கைதட்டல்.

முழுகிப்போனதற்குக் கைதட்டல்! நான் சிரித்துவிட்டேன். அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். அடுத்த நொடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவர் உள்ளே முதுகைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறார், நான் இங்கே சிரிக்கிறேனா? எழுந்து மறுபடி நடக்கப் போனேன். "பெஹன், உங்களுக்கு உள்ளே யாரு?" என்று அவர் கேட்டார். சொன்னேன். ஆம்பூர், ஷூ கம்பெனி, மழை, பைக், 'அப்டியா' எல்லாம். அதுவரை யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் உட்கார்ந்தேன்.

மேலே வைத்தால் புறப்படும் முன்பே முடிகிறது. கீழே வைத்தால், தண்ணீரில் விழுந்து திரும்பி வந்ததும் முடிகிறது. மிச்சம் இருப்பது நடுவில் ஒரே இடம். தாவியவுடன், தண்ணீரைப் பார்ப்பதற்கு முன். "தவளை தாவின உடனே, வந்து சேர்ந்தது கரையான்னு கேக்கணும். அப்பதான் கேக்கணும்" என்று எனக்கும் அவருக்குமாக இந்தியிலேயே சொல்லிக்கொண்டு, கட்டத்தை அந்த இடுக்கில் செருகினேன்.

ஓடவிடுவதற்குள் அவர் என் தோளைத் தட்டினார். "பெஹன்! ஆம்பூர், ஆம்பூர்!"

"ஆம்பூர் பேஷண்ட் கூட வந்தவங்க யாரும்மா?" என்று செக்யூரிட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் காதிலேயே விழவில்லை. ஓடினேன்.

எலும்பைச் சரியாக நிறுத்திவிட்டதாகவும், நரம்பு என்ன சொல்கிறது என்று போகப்போகத்தான் தெரியும் என்றும் டாக்டர் சொன்னார். என் கணவரைத் தூரத்திலிருந்து பார்க்க விட்டார்கள். கையெழுத்து, மருந்து, ஸ்கேன் என்று அலைந்துவிட்டுச் சாயங்காலம் கூடத்துக்கு வந்தால், அந்த மூலை நாற்காலி காலி.

"அவர உள்ள கூப்ட்டாங்கம்மா. இன்னா ஏதுன்னு தெரியல" என்றார் செக்யூரிட்டி.

பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அடித்துக்கொண்டேன். அடுத்த சில நாட்கள் எனக்கு இரண்டு கவலை. கணவர் காலைப் பார்ப்பேன், அசைகிறதா என்று. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஒரு சால்வை தெரிகிறதா என்று பார்ப்பேன். குழந்தைகள் வார்டு வாசல் வரை போய், யாரைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பினேன்.

என் கணவரின் இடது கால் கட்டைவிரல் லேசாக அசைந்த மறுநாள், கேன்டீன் வரிசையில் இட்லிப் பொட்டலத்தோடு அவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்துவிட்டார். "கண் முழிச்சிட்டான் பெஹன்!"

இரண்டு நாள் பையன் கண் திறக்கவில்லையாம். அந்த இரண்டு நாளும் இவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, முதலில் அவன்தான் பார்க்க வேண்டும் என்று. மூச்சுவிட வைத்திருந்த குழாயை எடுத்து, அவனுக்குக் கொஞ்சம் பேச்சு வந்த பிறகு ஓடவிட்டிருக்கிறார்கள். தவளை அக்கரையில் நின்றது. பையன் நம்பவில்லை. அந்தக் கட்டத்தைப் பிடுங்கி ஓரத்தில் போட்டுவிட்டு, "பாபா, நீங்களே வைங்க. ஏன் அங்க வைக்கிறீங்கன்னும் சொல்லுங்க" என்றானாம்.

"சொன்னீங்களா?"

"தாவின உடனே கேக்கணும், அப்பதான் கேக்கணும்னு சொன்னேன்" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "தையல் வலிக்குதுன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான்."

என் கணவர் கட்டைவிரலைப் பற்றி நான் சொன்னேன். கேன்டீன் நடுவில் நின்று இரண்டு பேரும் அழுதோம். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

என் கணவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். உட்கார்ந்து செய்கிற செக்கிங் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் காட்ட வேலூருக்குப் போகிறோம். அங்கே யாராவது நிலைகொள்ளாமல் நடப்பதையோ, எரிந்து விழுவதையோ பார்த்தால், பக்கத்தில் போய் "உள்ளே யாரு?" என்று கேட்டுவிடுகிறேன். அன்று ஒரு முன்பின் தெரியாத மனிதர் மேல் கத்தப் போய்க் கற்றுக்கொண்ட அந்த ஒரு கேள்வி, இன்றுவரை யாரிடமும் வீணாகப் போனதில்லை.