பனி அல்ல, எச்சம்

இந்த ஊரில் காலையில் எழுந்ததும் பறவைகளுக்கு ரொட்டித் துண்டு வீசுகிறார்கள். சற்று நேரத்தில் அதே கையில் வாளியும் பிரஷ்ஷும் எடுத்து, அந்தப் பறவைகள் சன்னல் விளிம்பில் இட்ட எச்சத்தை முகம் சுளித்துக்கொண்டே தேய்த்துக் கழுவுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில், ஓவியர்கள் தங்கி வரைவதற்கென்றே இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் பார்க்கிறேன். பறவை வேண்டுமாம், எச்சம் வேண்டாமாம்.

நான் வேடந்தாங்கல்காரி. தை பிறப்பதற்குள் எங்கள் ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்களெல்லாம் நாரைக் கூடுகளால் நிறைந்து, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் மதகு வழியாக எங்கள் வயலுக்குப் பாய்கிறது. "பட்சி எச்சம் வுழுந்த தண்ணி பாயற கழனிக்கு வேற எரு இன்னாத்துக்கு?" என்பார் அப்பா. பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட எங்கள் ஊரில் வெடி கிடையாது. கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். செங்கல்பட்டுப் பள்ளிக்கும், பிறகு சென்னையில் ஓவியம் படிக்கவும் என்னை அனுப்பியது அந்தக் கழனி நெல்தான். கப்பல் ஏறும்போது மாமா, "நம்ம ஏரில இல்லாத கொக்கையா அங்க போயி வரையப் போற?" என்று கேலி செய்தார்.

அவர் வாய் பலித்துவிட்டது. இங்குள்ள நாணலையும் வாத்துகளையும் நிறைய வரைந்தேன். ஆனாலும் கண்காட்சிக்கான படங்களில் பெரியதாக அமைந்தது எங்கள் ஏரியும் அந்த வெளுத்த மரங்களும்தான். வீட்டை நடத்தும் மார்கரெட் அம்மையார் என்னிடம் மாமல்லபுரத்துக் கோயிலை எதிர்பார்த்திருந்தார். இதைப் பார்த்ததும் உருகிவிட்டார். மறுநாள் படத்தின் கீழே ‘இந்தியப் பெண் கண்ட முதல் பனி’ என்று ஓர் அட்டை இருந்தது. அதுவரை நான் பனி பெய்து பார்த்ததே இல்லை.

இது நாரை எச்சம் என்றேன். என் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். விளங்கியபோது முகம் மாறியது. வருகிறவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார்கள், அந்தச் சொல் வேண்டாமே என்றார். அவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்காக லண்டனிலிருந்து வந்திருந்த சென்னைக்காரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"பனின்னே இருக்கட்டும்மா. இப்பத்தான் சுதந்திரம் வாங்கியிருக்கோம். பீயைக் கொண்டாந்து மாட்டி மானத்தை வாங்காதே."

"பட்டணத்துல நீங்க துன்ன சோறு எங்க கழனி நெல்லு சார். அது இன்னாத்துல வெளஞ்சிதுன்னு நெனச்சீங்க?"

அட்டையை மாற்றாவிட்டால் என் படம் ஒன்றுகூட இங்கே இருக்காது என்று அம்மையாரிடம் சொல்லிவிட்டு, படங்களைக் கழற்ற நானே ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தேன். கடைசியில் அம்மையார் இணங்க, புது அட்டையை என் கையாலேயே எழுதினேன்: ‘நாரை எச்சம் படிந்த மரங்கள், வேடந்தாங்கல்’. அதற்குத் தண்டனைபோலப் படம் பெரிய கூடத்திலிருந்து நடைவழிக்குப் போனது, ஒரு சன்னலுக்கு எதிரே.

திறப்பு விழாவன்று வெளியே பனி கொட்டத் தொடங்கியது. சன்னலுக்கு வெளியே பெய்த பனி படத்தின் கண்ணாடியில் தெரிந்து, எங்கள் மரங்கள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எது எச்சம், எது பனி என்று எனக்கே தெரியவில்லை. கோபத்தோடு கிட்டே போய்க் குறுக்கே நின்று சன்னலை மறைத்தேன். நான் மறைத்த அளவுக்கு மட்டும் எங்கள் ஏரி தெரிந்தது. சுற்றிலும் பனி பெய்துகொண்டே இருந்தது.