மேனேஜர் என்னத்துக்கு?

கால்பந்துக்கு மேனேஜர் என்று ஒருவர் தேவையே இல்லை என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டன் எல்லாம் நான் ஒருவன்தான். எதிர்க்கட்சி என் தங்கையின் கணவர். எங்கள் பக்கத்தில் தங்கை புருஷனை அளியன் என்போம். அளியன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக வெகுகாலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அங்கே விடுமுறை நாளையெல்லாம் ஐரோப்பிய மேட்ச் பார்த்தே கழித்திருக்கிறார். ‘பிரஸ்ஸிங்’, ‘ஃபார்மேஷன்’ என்ற சொற்கள் இல்லாமல் அவரால் மீன் விலைகூடப் பேச முடியாது.

எங்கள் சண்டை நடக்கிற இடம் என் கடை. தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் வலை, கயிறு, மிதவை, தூண்டில் எல்லாம் விற்கிற கடை அது. சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்ததும் கயிற்றுச் சுருள்களின் மேல் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரும். அதற்குள் யாராவது முந்தின நாள் மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை விட்டிருப்பார்கள்.

எங்கள் கடற்கரையில் யாரையும் ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. பாதிப் பேருக்கு ஒரே புனிதரின் பெயர். கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளுக்கொரு வட்டப்பெயர் உண்டு. உலகப் புகழ்பெற்ற மேனேஜர்களும் இதற்குத் தப்பவில்லை. ஒருவர் மொட்டை, ஒருவர் கோட்டுக்காரர். தோற்ற அன்றெல்லாம் நடுவரைக் குறை சொல்கிறவர் சிணுங்கி. அவரவர் ஊரில் அவர்களுக்கு என்ன மரியாதையோ எனக்குத் தெரியாது, என் கடையில் இந்தப் பெயர்தான்.

அளியனுக்கு மொட்டை என்றால் உயிர். அவர் வாங்கிய கோப்பைகளை வரிசையாகச் சொல்லும்போது ஜெபமாலை சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். உலகத்தில் விலைகூடிய ஆட்களையெல்லாம் வாங்கிக் கையில் கொடுத்தால் நம் சர்ச்சின் பங்குச் சாமியாரும் கோப்பை வாங்கித் தருவார் என்று மறு தரப்பில் யாராவது சொல்வார்கள். அவர்கள் கோட்டுக்காரரின் ஆட்கள். பெயர் தெரியாத கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர் அவர். பழைய போட்டையும் பிய்ந்த வலையையும் கொடுத்து மொட்டையைக் கடலுக்கு அனுப்பிப் பாருங்கள், அப்போது தெரியும் யார் பெரியவர் என்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் முற்றிக்கொண்டிருக்கும்போது நான் நடுவில் புகுந்து என் கட்சியைச் சொல்வேன். உள்ளே பதினோரு பேர் மூச்சு வாங்க ஓடுகிறார்கள், முட்டி உடைகிறது. வெளியே ஒருவர் நின்றுகொண்டு கையை ஆட்டுகிறார். பந்து இதுவரை அவர் சொல்லைக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. உடனே இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்து என் மேல் பாயும். அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் அதைச் சொல்வதுண்டு.

போன வருடம் வாய் வினையாக வந்தது. பங்குத் திருநாளையொட்டி எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குள் போட்டி நடக்கும். எங்கள் டீமை நடத்திவந்த மாஸ்டர் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய்விட்டார். யாரை நிறுத்துவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது அளியன் எழுந்து என்னைக் காட்டினார். மேனேஜருக்கு வேலையே இல்லை என்கிறவர் இவர்தான், வேலை இல்லாத வேலையை இவரிடமே கொடுப்போம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அளியன் வைத்த கண்ணி எப்பேர்ப்பட்டது என்று புரிந்தது. டீம் ஜெயித்தால் மேனேஜரால் ஜெயித்தது என்பார். தோற்றால் ஊர் முழுக்க என்னைத் திட்டும். வேலையே இல்லாதவனை யாராவது திட்டுவார்களா? எப்படிப் பார்த்தாலும் என் கட்சிக்கு டெபாசிட் போய்விடும். இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் ஒன்றுமே செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். யார் எங்கே ஆடுவது என்று பையன்களே பேசி வைத்துக்கொண்டார்கள். மேட்சுக்கு மேட்ச் ஜெயித்து இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டோம். ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. எத்தனையோ வருடமாகக் கைக்கு வராத கோப்பை இந்த முறை வந்துவிடும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன்.

இறுதிப் போட்டியன்று காலையில் என் தம்பியின் போட்டு கரைக்கு வந்தது. அவன் ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவன். போனால் மாதக்கணக்கில் கடல்தான். பந்து விளையாட்டில் எங்கள் ஊரில் அவனுக்கு நிகர் கிடையாது. இதை அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, எதிரி ஊர்க்காரர்களும் சொல்வார்கள். துறைமுகத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, அவனுடைய மைனியான என் மனைவி அவித்த புட்டையும் மீன் குழம்பையும் ஒரு பிடி பிடித்தான். மாலையில் எத்தனை கோல் போடப் போகிறான் என்பதைப் பற்றியே பேச்சு. கை கழுவ எழுந்தவன் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போனான்.

தங்கல் முடித்து வருகிற எல்லோருக்கும் இது உண்டு. கரையிறங்கிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. திருநாளுக்குக் கடலிலிருந்து வருகிறவனுக்கு டீமில் இடம் உண்டு. அவன் இறங்கிய கால் ஈரம் காயாமல் வந்தாலும் சட்டையைக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னால் நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொன்னதுபோல. இந்தச் சட்டத்தால்தான் பல இறுதிப் போட்டிகளில் எங்கள் டீம் தள்ளாடித் தோற்றிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

அதுவரை தம்பியின் இடத்தில் ஆடியவன் மார்த்தாண்டத்தில் செல்போன் கடையில் நிற்கிறவன். கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது, ஆனால் கால் தரையில் நிற்கும். நான் வழக்கம்போல் சும்மா இருந்தால் அவன் தானாக விலகுவான், தம்பி இறங்குவான், யாருக்கும் மனவருத்தம் இல்லை. மத்தியானம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சுவரைப் பிடித்த அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

மைதானத்தை ஒட்டிய எங்கள் விளையாட்டு மன்றத்தின் அறைக்குள் போனபோது தம்பி சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு நீ எறங்காண்டாம்” என்றேன்.

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்லுதேன். தரை உனக்கு இன்னும் ஆடுது. நான் பாத்தேன்.”

“ஆடட்டு. எனக்குப் பழக்கம்தானே.”

“வேண்டாம், மக்கா.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அறையில் மற்றவர்கள் ஷூ லேஸ் கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்கள். அம்மா செத்த பிறகு நான் தூக்கி வளர்த்தவன் அவன். அவனிடம் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அவன் சட்டையைக் கழற்றி, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனான். டீமோடு உட்காராமல், கோயில் கொடிமரத்தடியில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றுகொண்டான்.

தம்பி இறங்கவில்லை என்று தெரிந்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. அண்ணன் தம்பிக்குள் ஏதோ தகராறு என்று ஒருவர் தொடங்கி வைத்தார். இடைவேளைக்குள் எங்கள் இருவரையும் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நான் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கோட்டின் ஓரமாக நின்று இரண்டு கைகளையும் ஆட்டி, அங்கே போ, இங்கே வா என்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அளியன் என்னைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். செல்போன் கடைக்காரன் அடித்த நல்ல பந்து ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முடியப் போகிற நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். தோற்றுவிட்டோம்.

அன்றிலிருந்து ஊரில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுதினால் நாகரிகமாக இருக்காது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். மறுநாள் திருநாள். எந்த வருடமும் தம்பி குடும்பத்தோடு என் வீட்டில்தான் சாப்பிடுவான். இந்தத் தடவை மாமனார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். இலையில் இறைச்சி இருந்தது, எனக்கு இறங்கவில்லை. மொட்டையும் கோட்டுக்காரரும் வாராவாரம் யாராவது ஒருவனிடம் இன்று நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தானே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவார்கள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அளியனிடம் இதைச் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய மனது எனக்கில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் கடையில் எல்லோரும் இருந்தபோது தம்பி வந்தான். அடுத்த தங்கலுக்குத் தூண்டில் வேண்டும் என்றான். முகத்தைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தேன். நீ இறங்கியிருந்தால் கோப்பை இப்போது நம் கையில் இருக்கும் என்று கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் பேச்சைத் தொடங்கினார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

“ஜெயிச்சிருப்போம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல” என்றான் தம்பி. கொஞ்ச நேரம் தூண்டில் முனைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆனா வாற வருசமும் அண்ணன்தான் நிக்கணும்.”

எதற்கு என்று அளியன் கேட்டார்.

“எத்தனையோ வருசம் தரை ஆட ஆடத்தான் பந்து களிச்சிருக்கேன். எல்லாவனுக்கும் தெரியும். ஒருத்தனாவது எனக்க மொகத்தப் பாத்து வேண்டாம்னு சொன்னானா? அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிதவை எடுப்பதுபோல் உள்ளே திரும்பிக்கொண்டேன். தம்பி தூண்டில் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். ராத்திரி சோற்றுக்கு வருவேன், மைனியிடம் சொல்லி வை என்று தெருவில் நின்றே சொல்லிவிட்டுப் போனான்.